அத்தியாயம் 7: பக் பிடிப்பதும் பேட்ச் படிப்பதும்

பைத்தானைத் திறந்து 'தமிழ்' என்ற ஒரே சொல்லை அதன் ஆர்-இ நூலகத்திடம் கொடுங்கள். 'இதில் உள்ள சொற்களைப் பிரித்துக் கொடு' என்று கேளுங்கள். எல்லோரும் போடும் அதே குறிதான்: பின்சாய்கோடு, டபிள்யூ, கூட்டல். ஒரு சொல் வர வேண்டும். வருவது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு. 'மி'யின் விலங்கையும் 'ழ்'-இன் புள்ளியையும் காணோம்.

இதே பைத்தானில் 'தமிழ்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரே மொழிக்குள் ஓர் அறையில் அது முழுச் சொல், பக்கத்து அறையில் உடைந்த சொல்.

இது பக் என்று யாரும் சொல்வார்கள். காரணமும் மர்மம் இல்லை. ஆர்-இ ஒவ்வொரு குறியையும் பார்த்து 'நீ எழுத்தா, எண்ணா?' என்று மட்டும் கேட்கிறது. யூனிகோட் கணக்கில் த, ம, ழ மூன்றும் எழுத்துகள். விலங்கும் புள்ளியும் எழுத்தோடு ஒட்டும் அடையாளங்கள். கேள்வி தவறாக இருப்பதால் பதிலும் உடைகிறது. பைத்தானின் பழைய பக் பதிவேட்டில் 12731 என்ற எண்ணில் 2011-லேயே இது பதிவாகிவிட்டது. திருத்த எத்தனை வரி ஆகும்? அதிகம் ஆகாது. பிறகு ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், அந்த நடத்தை கையேட்டிலேயே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பயனர் பெயரைச் சரிபார்க்கும் நிரல்கள், இணைய முகவரிக்காகத் தலைப்பை வெட்டும் நிரல்கள், தேடல் நிரல்கள் எல்லாம் இந்தப் பதிலை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்று 'தம' என்று சேமித்த இடத்தில் நாளை 'தமிழ்' என்று வந்தால், பழைய தரவும் புதிய தரவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

ஒரு சாதாரணச் செயலியில் பக்கைத் திருத்துவதற்கும் ஒரு நிரல்மொழியில் பக்கைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். நிரல்மொழியில் தப்பான விடைக்கும் வாடிக்கையாளர் இருப்பார். இந்த அத்தியாயத்தில் நான் பைத்தானின் மூல வடிவமான சிபைத்தானை மட்டும் வைத்துப் பேசுகிறேன். மற்ற மொழிகளில் கருவிகளின் பெயர் மாறும், வேலை மாறாது.

புதிதாக வருபவர்களுக்கு எல்லா வழிகாட்டிகளும் 'ஓர் எளிய பக்கை எடு, பேட்ச் எழுது' என்றுதான் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. எளிய பக்குகளுக்குப் பத்துப் பேர் போட்டி போடுவார்கள். அதே நேரம், யாரோ எழுதி அனுப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேட்ச்கள் சிபைத்தானில் ரிவியூ செய்ய ஆளில்லாமல் காத்துக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் படியுங்கள். ஆனால் படிக்கத் தெரிவதற்கு, பக் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

எது பக், எது இல்லை

2.675-ஐ இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் பைத்தான் 2.67 என்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு 2.68 வர வேண்டும். இதைப் பக் என்று திரும்பத் திரும்ப யாராவது பதிவு செய்வார்கள். இது பக் இல்லை. 2.675 என்ற எண்ணை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. கணினிக்குள் இருப்பது அதைவிட ஒரு துளி குறைவான எண், அதற்கு 2.67 தான் சரியான விடை. இப்படி வரும் பதிவுகளுக்கு எரிச்சல் இல்லாமல் நாலு வரியில் விளக்கம் எழுதி மூடுவதும் வேலைதான்.

இதற்கு நேர்மாறான கதை நள்ளிரவுக் கதை. முன்பு பைத்தானில் நேரத்தைக் குறிக்கும் ஒரு பொருளை 'இருக்கிறதா?' என்று ஒரு நிபந்தனையில் கேட்டால், எந்த நேரமாக இருந்தாலும் 'இருக்கிறது' என்று பதில் வரும், நள்ளிரவைத் தவிர. நள்ளிரவு பூஜ்யமாம், அதனால் 'இல்லை'. நேர வலயம் குறித்திருந்தால் யூ.டி.சி. நள்ளிரவைக் கணக்கில் எடுக்கும். அப்படியென்றால் இந்திய நேரம் காலை 5.30 மணி என்று ஒன்று இருப்பதையே பைத்தான் மறுத்துக்கொண்டிருந்தது. காலை 5.30-க்கு அலாரம் வைத்தவர் நிரலில் 'அலாரம் எதுவும் இல்லை' என்று வந்திருக்கும். 2012-இல் இதைப் பதிவு செய்தபோது 'கையேட்டில் உள்ளபடிதான் நடக்கிறது, பக் இல்லை' என்று மூடிவிட்டார்கள். 2014-இல் மறுபடி விவாதம் கிளம்பி, முடிவு மாறி, 2015-இல் வெளியான 3.5 பதிப்பில் அந்த நடத்தை போனது. பக்கத்தில் நின்று பார்த்தால், 2012-இல் சொன்ன காரணம் பொய்யில்லை. கையேட்டில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அப்படி எழுதியதில் யாருக்கும் ஒரு பயனும் இருக்கவில்லை. அதை நம்பி யாரும் வேண்டுமென்றே நிரல் எழுதியிருக்க மாட்டார்கள். டபிள்யூ கதைக்கும் நள்ளிரவுக் கதைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அது ஒன்றே.

ஆகவே ஒரு பதிவைப் பார்த்ததும் மூன்றைக் கேளுங்கள்: கையேடு என்ன சொல்கிறது, நிரல் என்ன செய்கிறது, மாற்றினால் யார் அழுவார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால் இன்னும் திருத்தத்தில் கை வைக்கும் நேரம் வரவில்லை. நடத்தையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று விதி இருக்கிறது. பைத்தானின் முன்மொழிவு ஆவணமான பெப் 387-இன்படி, பழையதைப் பயன்படுத்துவோருக்கு முதலில் எச்சரிக்கை விட வேண்டும், குறைந்தது இரண்டு பதிப்புகள் பொறுக்க வேண்டும், பிறகுதான் எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு பதிப்பு அக்டோபரில் வரும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் குறைபாடு என்று தோன்றினால் இதெல்லாம் பொருந்தாது. பொதுவில் பதியாதீர்கள், பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பட்டறை

மூலநிரலை கிட் வழியாக இறக்கி, கான்ஃபிகர் செய்யும்போது பைடீபக் என்ற விருப்பத்தைச் சேர்த்து, மேக் கட்டளையை ஓட்டுங்கள். சில நிமிடங்களில் உங்கள் கோப்புறையிலேயே ஒரு பைத்தான் உருவாகும். மேக் கணினி வைத்திருப்பவர்கள் அதன் பெயருக்குப் பின்னால் விண்டோஸ் போல 'டாட் இ-எக்ஸ்-இ' என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மூலநிரலில் ஏற்கெனவே 'பைத்தான்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத வட்டில் இரண்டும் மோதிக்கொள்ளும். அதற்காக வைத்த வால் அது.

பைடீபக் விருப்பத்தை ஏன் விடக் கூடாது என்றால், அதில்தான் பக் ஒளிந்துகொள்ள முடியாது. சாதாரண பில்டில் விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் பழைய தரவு அப்படியே கிடக்கும். அதைத் தவறுதலாகப் படித்தாலும் பெரும்பாலும் சரியான விடையே வந்துவிடும். டீபக் பில்டு, விடுவித்த இடத்தை ஒரே குப்பை பைட்டால் நிரப்பிவிடும். தவறுதலாகத் தொட்டால் அங்கேயே விழும். வீட்டுக்குள் விழுவது நல்லது.

பதிவில் சொன்ன பக்கை முதலில் இந்த பில்டில் விழவைத்துக் காட்டுங்கள். பழைய பதிவுகளில் சிலது எப்போதோ வேறு திருத்தத்தோடு தானாகச் சரியாகியிருக்கும். 'இன்றைய மெயின் கிளையில் இது நடக்கவில்லை, லினக்ஸில் ஓட்டினேன்' என்று எழுதுவதும் ஒரு பங்களிப்பு. நடந்தால், முந்நூறு வரி உதாரணத்தை எட்டு வரியாகச் சுருக்குங்கள். முன்பு சரியாக இருந்து பிறகு கெட்டது என்றால் கிட் பைசெக்ட் இருக்கிறது. ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளி ஒளிந்திருந்தாலும், பாதி பாதியாக வெட்டிப் பத்தே சோதனையில் பிடித்துவிடும்.

ஒரு பக்கை அருகில் பார்ப்போம்

பைத்தானின் லிஸ்டில் 'ரிமூவ்' என்று ஒரு செயல் உண்டு. கொடுத்த பொருளுக்குச் சமமான முதல் உறுப்பைத் தேடி நீக்கும். சி மொழியில் எழுதிய உள்நிரல், லிஸ்டின் ஒவ்வொரு உறுப்பின் முகவரியையும் எடுத்து, 'நீயும் இதுவும் சமமா?' என்று ஒப்பிடும். இதில் என்ன கெடும்?

ஒப்பிடும் வேலையைப் பொருளே செய்கிறது. அந்தப் பொருளின் வகுப்பை எழுதியவர் நீங்கள். சமமா என்று கேட்கும்போது உங்கள் பைத்தான் நிரல் ஓடும். அந்த நிரலுக்குள் லிஸ்டையே காலி செய்துவிட்டால்? லிஸ்ட் மட்டுமே பிடித்துவைத்திருந்த உறுப்பு விடுவிக்கப்படும். நினைவகம் போய்விடும். ஒப்பீடு முடிந்து சி நிரல் திரும்பி வரும்போது அதன் கையில் இருக்கும் முகவரியில் குடித்தனம் யாரும் இல்லை.

பைத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் பொருள் காலி. எண்ணிக்கையைக் கூட்டாமல் முகவரியை மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது இரவல். இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம், தாலி கட்டும் நேரத்தில் சொந்தக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போகாதவரை. இங்கே ஒப்பீடு நடக்கும் அந்தக் கணத்தில்தான் சொந்தக்காரர் வருகிறார்.

பழைய பதிவேட்டில் இது 38610. திருத்தம் இரண்டு வரி: ஒப்பிடும் முன் எண்ணிக்கையை ஒன்று கூட்டு, ஒப்பிட்ட பின் ஒன்று குறை. இரவலைச் சொந்தமாக்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது.

இனிதான் ரிவியூ செய்பவரின் வேலை. 'ரிமூவ்' செயலில் இரண்டு வரி சேர்த்து ஒருவர் பேட்ச் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதே தப்பு வேறெங்கே இருக்கிறது என்பது. லிஸ்டில் ஒப்பிடும் செயல் இது ஒன்றா? எண்ணுவது, இருக்கிறதா என்று பார்ப்பது, எத்தனையாவது இடம் என்று தேடுவது எல்லாமே ஒப்பிடுகின்றன. உண்மையிலும் அந்தத் திருத்தம் லிஸ்டின் பல செயல்களைச் சேர்த்தே சரிசெய்தது. இரண்டாவது, எண்ணிக்கையைக் கூட்டிய பிறகு நிரல் வெளியேறும் வழிகள் எத்தனை? ஒப்பீட்டில் பிழை வந்தால் நடுவிலேயே திரும்பும் வழி ஒன்று இருக்கும். அந்த வழியில் குறைக்க மறந்தால், விழும் பக்கை எடுத்துவிட்டு ஒழுகும் பக்கை வைத்தவர்கள் ஆவோம். இதைக் கண்ணால் மட்டும் நம்ப வேண்டாம். டெஸ்ட் ஓட்டும்போது பெரிய ஆர் விருப்பத்தோடு 3:3 என்று கொடுத்தால், டெஸ்டை மூன்று தடவை சூடாக்கிவிட்டு, மேலும் மூன்று தடவை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லும்.

பேட்ச்சைப் படிக்கும் வரிசை

பேட்ச்சைத் திறந்ததும் மாற்றிய வரிகளுக்குப் போகாதீர்கள். அதற்கு முன் பதிவை முழுக்கப் படியுங்கள், பழைய விவாதங்கள் உட்பட. பாதி ரிவியூகளில் 'இதைப் பத்து ஆண்டுக்கு முன்பே பேசி, வேண்டாம் என்று விட்டோம்' என்பதே முடிவாக இருக்கும்.

பிறகு டெஸ்ட். பேட்ச்சில் வந்த டெஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தத்தை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். டெஸ்ட் தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் அது எதையும் சோதிக்கவில்லை. இதைப் பட்டுத்தான் கற்றேன். நான் அனுப்பிய ஒரு பேட்ச்சில் டெஸ்டின் பெயரை ஓர் எழுத்து மாற்றித் தட்டியிருந்தேன். டெஸ்ட் என்று தொடங்காத பெயரை ஓட்டும் கருவி சீந்தவே இல்லை. எல்லாம் பச்சை. ரிவியூ செய்தவர் என் திருத்தத்தை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்து, 'இன்னும் பச்சையாகவே இருக்கிறதே' என்று ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு இன்றுவரை திருத்தத்தை நீக்கி ஓட்டாமல் நான் எதையும் அனுப்பியதில்லை.

நிரலைப் படிக்கும்போது ஒரு கேள்விக்குத் தனி இடம் கொடுங்கள்: இது காரணத்தைத் திருத்துகிறதா, விளைவை மறைக்கிறதா? இதற்கு டிம்சார்ட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய வரிசைப்படுத்தும் முறை அது. ஜாவாவும் ஆண்ட்ராய்டும் அதை எடுத்துக்கொண்டன. வரிசையான துண்டுகளை ஓர் அடுக்கில் வைத்து இணைத்துக்கொண்டே போகும். அடுக்கில் உள்ள துண்டுகளின் நீளம் ஒரு விதிக்குள் இருந்தால், அடுக்கு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டாது. 2015-இல் சில ஆய்வாளர்கள் ஜாவாவின் டிம்சார்ட் சரி என்று கணித முறையில் நிறுவப் போனார்கள். நிறுவ முடியவில்லை. விதியைக் காக்கும் பகுதி மேலே உள்ள சில துண்டுகளை மட்டும் சரிபார்த்துவிட்டு நின்றுவிடுகிறது, அடியில் விதி உடைந்து கிடக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் எத்தனையோ பேர் படித்த நிரல்.

இரண்டு மொழிக்காரர்களும் செய்ததைப் பாருங்கள். ஜாவாவில் அடுக்குக்கு ஒதுக்கிய இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். பைத்தானில் விதியைச் சரிபார்க்கும் பகுதியையே திருத்தினார்கள். இத்தனைக்கும் பைத்தானில் ஒதுக்கியிருந்த இடம் ஏற்கெனவே பெரியது, எந்த நடைமுறைக் கணினியிலும் அது நிரம்பப் போவதில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2018-இல், ஜாவாவில் பெரிதாக்கிய இடமும் போதாது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு வரிசையின் நீளத்தையோ காத்திருக்கும் நொடியையோ கூட்டி பக்கை மறைக்கும் பேட்ச் உங்கள் கண்ணில் பட்டால், இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து நடை கடைசி. பைத்தான் நிரலுக்கு பெப் 8, சி நிரலுக்கு பெப் 7. இடைவெளி, வரி நீளம் பற்றி மட்டும் பத்துக் குறிப்பு எழுதுவது ரிவியூ ஆகாது. பக் திருத்தத்தோடு பக்கத்து வரிகளையெல்லாம் அழகுபடுத்தி அனுப்பியிருந்தால் மட்டும், அதைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய கிளைகளுக்கு அந்தத் திருத்தத்தைக் கொண்டுபோகும்போது அந்த அழகுதான் மோதும்.

குறிப்பை எழுதும் விதமும் முக்கியம். எதிரே இருப்பவர் தன் இரவு நேரத்தைச் செலவழித்து எழுதியவர், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். 'இது தப்பு' என்று எழுதுவதைவிட 'காலி லிஸ்ட் வந்தால் இங்கே என்ன ஆகும்?' என்று கேளுங்கள். பாதி நேரம் நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள். கேள்வியாகக் கேட்டிருந்தால் முகம் சுருங்காது. 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதால் யாருக்கும் பயனில்லை. 'விண்டோஸில் பில்டு செய்தேன், திருத்தத்துக்கு முன் டெஸ்ட் தோற்றது, பின் தேறியது, ஒழுகல் சோதனையும் பார்த்தேன், கையேட்டு வரி மட்டும் மாறவில்லை' என்று எழுதுங்கள். மெர்ஜ் செய்யும் உரிமையுள்ள கோர் டெவலப்பருக்கு அந்த நான்கு தகவலும் அரை மணி நேரத்தை மிச்சமாக்கும். இப்படி எழுதுபவரின் பெயரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

சடங்குகள்

உங்கள் சொந்த பேட்ச்சை அனுப்பும் நாள் வரும்போது சில சடங்குகள் இருக்கின்றன. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ஒருமுறை கையெழுத்து. தலைப்பின் தொடக்கத்தில் பதிவின் எண். பயனர்களுக்குத் தெரியும் மாற்றம் என்றால் ப்ளர்ப் என்ற கருவியால் ஒரு செய்திக் குறிப்பு. அதை நிரலைப் படிக்காதவருக்குப் புரியும்படி எழுதுங்கள். மீதியை ரோபோக்கள் கவனித்துக்கொள்ளும். ஒன்றின் பெயர் பெடிவியர், இன்னொன்று மிஸ் இஸ்லிங்டன். இரண்டுமே மான்டி பைத்தான் பெயர்கள். இந்த மொழிக்குப் பெயர் வந்ததும் அந்த நகைச்சுவைக் குழுவிலிருந்துதான், பாம்பிலிருந்து இல்லை. பக் திருத்தம் முதலில் மெயின் கிளைக்குப் போகும். பிறகு பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கு மிஸ் இஸ்லிங்டன் எடுத்துப்போகும். புதிய வசதிகளுக்கு அந்தப் பயணம் கிடையாது.

பதில் வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஒரு மாதம் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அந்த இடைவெளியில் வேறொருவர் பேட்ச்சை எடுத்துப் படியுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துச் சரங்களைத் தொடும் எந்த பேட்ச்சை ரிவியூ செய்தாலும், 'கி', 'ஸ்ரீ', 'க்ஷ', 'தமிழ்' என்ற நான்கையும் அதற்குள் செலுத்திப் பாருங்கள். நீளம், வெட்டு, தேடல், ஓரம் சீராக்குவது எல்லாவற்றிலும் பாருங்கள். உடைந்தால், எட்டு வரி உதாரணத்தோடு அங்கேயே எழுதுங்கள். மெர்ஜ் ஆன பிறகு சொன்னால் அதற்கும் ஒரு வாடிக்கையாளர் வந்துவிடுவார்.